பிடித்த மீனைப் பிழைக்க விடுதல்

தூண்டிலிட்டு மீன் பிடிப்போர் இருவகையினர். உணவின் பொருட்டுப் பிடிப்போர் ஒருவகையினர். பிடித்தலின் இன்பங் கருதிப் பிடித்து, பின் நீரிலேயே விட்டுவிடுவோர் மற்றொரு வகையினர். முன்னவர் தொழில் தொன்மையானது. திருவள்ளுவர் சூதாடுவோன் பெறும் வெற்றியைத் தூண்டிலிரையை விழுங்கும் மீனோடு ஒப்பிட்டுக் காட்டினாரெனின், அக்காலத்தே தூண்டில் யாவரும் அறிந்த கருவியாயிருந்தது என்பது பெறப்படும். பின்னவர் வழக்கமோ பெரும்பாலும் சென்ற நூற்றாண்டில் மேனாடுகளில் வளர்ந்து பரவியது. அமெரிக்கராகிய லீ வுல்ப் என்பார், சிறந்த மீனொன்று ஒரே முறை பிடிபட்டு மாண்டொழிதல் தகாதென்னுங் கருத்தை 1939இல் வெளிவந்த தம் நூலில் வற்புறுத்தினார். அக்கருத்து இன்று பல நாடுகளில் வேரூன்றியுள்ளது.

விடுதல் நன்றென்பதை ஒருவாறு ஒப்புக்கொள்வோம். ஆயினும், விடப்பட்ட மீன் பிழைத்ததா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. கரையில் நிற்பவன் காண்பது வாலின் ஓர் அசைவு மட்டுமே; அதன்பின் நீர் மூடிக்கொள்கின்றது. அன்றிரவே அம்மீன் ஆற்றின் மடுவில் மாண்டுபோயின், அஃது அவன் கணக்கிற் சேர்வதில்லை. அவன் மனமகிழ்வோடு வீடு செல்வான். ஆகவே, மீனை விட்டோம் என்பது வேறு. பிழைக்க விட்டோம் என்பது வேறு. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரம் பெரும்பாலும் ஒரு நிமிஷத்திற்குள் அடங்கும்.

இது வெறுஞ் சொல்லன்று. கானடா தேசத்தில் பெர்கூசன், டப்ட்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1992இல் வெளியிட்ட ஆய்வொன்றுண்டு. அவர்கள் ரெயின்போ டிரவுட் என்னும் மீன்களைத் தொட்டியிலிட்டுக் களைத்துப்போகுமட்டும், ஏறக்குறைய 10 நிமிஷம், துரத்தினர். தூண்டிலில் அகப்பட்ட மீன் படும் பாட்டை இவ்வாறு போலச் செய்து பார்த்தனர். துரத்தப்படாத மீன்கள் யாவும் 12 மணி நேரத்திற்குப் பின்னும் உயிரோடிருந்தன. துரத்தப்பட்டு நீரிலேயே விடப்பட்டவற்றுள் 100க்கு 12 மாண்டன. துரத்தியபின் 30 விநாடி காற்றிலே வைக்கப்பட்டவற்றுள் 100க்கு 38 மாண்டன. 60 விநாடி வைக்கப்பட்டவற்றுள் மாண்டவை 100க்கு 72. இவை ஆய்வுக்கூடத்து மீன்கள்; அவையும் ஓரினத்தன. ஆற்றில் வாழும் எல்லா மீனுக்கும் இவ்வெண்களை அப்படியே ஏற்றிக் கூறல் பொருந்தாது. இனத்துக்கினம் தாங்கும் வலி வேறுபடும். எனினும் இவ்வாய்வு காட்டும் திசை தெளிவானது. மீனைக் கொல்வது முள் மட்டுமன்று; அதனைக் கையிலேந்திக் கொண்டாடும் அந்த அரை நிமிஷமுமே என்பதாம்.

காற்றில் நீரினும் பன்மடங்கு மிகுதியாகப் பிராணவாயு உள்ளதே, அதில் மீன் மூச்சுமுட்டி மாள்வானேன் என்று சிலர் வினவக்கூடும். விடை செவுளின் அமைப்பிலுள்ளது. செவுளின் மெல்லிதழ்கள் எண்ணிறந்தன. நீரிலே தனித்தனி விரிந்து மிதந்து, வாய்வழிப் புகுந்து செவுள்மூடியின் வழி வெளியேறும் நீரினின்றும் பிராணவாயுவைக் கவர்கின்றன. நீரை விட்டு எடுத்தவுடன், நனைந்த புத்தகத்தின் தாள்கள்போல் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்பொழுது காற்று எவ்வளவு இருந்தென்ன? அதனைக் கொள்ளும் பரப்பு சுருங்கிவிட்டது. ஓடிக் களைத்த ஒருவனை ஓட்டம் முடிந்த கணத்திலேயே வாயையும் மூக்கையும் பொத்திப் பிடித்தால் அவன் எத்துன்பம் உறுவானோ, அத்துன்பத்தை அம்மீன் உறுகின்றது.

களைப்பும் எளிதிற் போவதன்று. மீனின் உடலில் பெரும்பகுதி, திடீர்ப் பாய்ச்சலுக்கென அமைந்த வெண்தசை. அத்தசை மூச்சின் உதவியை எதிர்பாராது விரைந்து வேலை செய்யும். செய்தபின் லாக்டிக் அமிலம் மிகுந்து, இரத்தமும் புளித்த தன்மை அடையும். அது தீர்ந்து மீன் பழைய நிலை எய்தப் பல மணி நேரம் செல்லும். அதுவரை பகைக்கு அஞ்சி ஓடவும் அதற்கு வலியில்லை. வெப்பம் மிகுந்த நீரில் இத்துன்பம் இரட்டிப்பாம். சென்டிகிரேட் 10 பாகையில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 11 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையில் அது 7½ மில்லிகிராமாகக் குறையும். மீனுக்கோ வெப்பத்தில் அதன் தேவை கூடுகின்றது. வரவு குறைந்து செலவு மிகும் குடும்பத்தின் நிலையே அதன் நிலை. ஆதலின் கோடை நண்பகலில், நீர் வற்றிச் சூடேறிய ஆற்றில் தூண்டிலிடாமல் இருப்பதே முதற்கடன். வைகறையும் மாலையுமே தக்க பொழுது.

இனி இவ்வுண்மைகளை நம் காவிரியின் மீனொன்றின்மேல் வைத்துக் காண்போம். மகசீர் என்றும், பூமீன் கெண்டையென்றும் வழங்கும் பெருங்கெண்டையினத்தைப் பற்றிச் சென்னை மாகாணத்துச் சிவில் உத்தியோகஸ்தராயிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் வெளியிட்ட நூலால் உலகெங்குமுள்ள தூண்டிற்காரர் அறிந்தனர். 1946இல் கபினி ஆற்றில் பிடிபட்ட மகசீர் ஒன்று 120 இராத்தல் நிறையிருந்தது. அஃதாவது ஒரு வளர்ந்த மனிதனின் எடை. காவிரிக் கூனல் மகசீர் என்னும் இவ்வகை, காவிரியிலும் அதன் கிளையாறுகளிலுமன்றி உலகில் வேறெங்கும் இல்லை. இவ்வளவு பெயர்பெற்ற மீனுக்கு நெடுங்காலம் சரியான அறிவியற் பெயர் வழங்கப்படாதிருந்தது வியப்பே. கேரளத்துப் பாம்பாற்றினின்றும் எடுத்து 2007இல் டார் ரேமாதேவி எனப் பெயரிடப்பட்ட மீனும் இதுவும் ஒன்றென 2018இல் தெளிந்தனர். அவ்வாண்டிலேயே அது மிக்க அபாயநிலையிலுள்ள இனங்களின் வரிசையிற் சேர்க்கப்பட்டது. நீலகிரியின் அடிவாரத்து மோயாற்றில் இன்னும் எஞ்சியுள்ளது.

கருநாடகத்தில் ஒகேனக்கல்லுக்கு மேலே, பீமேசுவரி, காலிபோரே முதலிய இடங்களில் மகசீரைப் பிடித்து விடுவோர்க்கான பாசறைகள் பல்லாண்டு நடைபெற்றன. வனவிலங்குச் சட்டத்திற்குக் கொள்ளப்பட்ட புதுப்பொருளால் 2012இல் அவ்வழக்கம் நின்றது. காலிபோரேயில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த குறிப்பேடுகளைப் பின்னர் ஆராய்ந்தோர் ஒரு விந்தை கண்டனர். பிடிபட்ட மகசீரின் தொகை ஆண்டுதோறும் உயர்ந்தது. அவற்றின் சராசரி நிறையோ தாழ்ந்தது. காரணம் யாதெனில், பம்பாய் மாகாணமாயிருந்த பகுதியிலுள்ள லோனாவ்லாவின் குஞ்சுபொரிப்பகத்தினின்றும் வந்த நீலத்துடுப்பு மகசீர் பெருகிற்று. காவிரிக்கே உரிய கூனல் மகசீர் அருகிற்று. விளையாட்டாய் எழுதிய குறிப்பேடு ஓரினத்தின் வீழ்ச்சிக்குச் சாட்சியாயிற்று. விடுதலினால் மட்டும் அவ்வினம் காக்கப்படவில்லை என்பதை ஒளிக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஓரினம் இவ்வளவு அருகியபின், தவறி ஒருவன் தூண்டிலிலோ வலையிலோ அகப்படும் ஒவ்வொரு மீனும் பெரும் பொருளாகின்றது. பொழுதுபோக்கிற்குப் பிடிப்பவன் மட்டுமன்றி, கேழ்வரகு மாவுருண்டையை இட்டு வேறு கெண்டைக்குக் காத்திருக்கும் ஏழை மீனவனும் இதனைப் பிழைக்க விடும் முறையை அறிந்திருத்தல் வேண்டும்.

முறை, தூண்டிலை நீரில் எறியுமுன்னரே தொடங்குகின்றது. மெல்லிய நரம்பாற் பெருமீனை நெடுநேரம் அலைக்கழித்து இழுத்தலே திறமையென்று முற்காலத்துச் சிலர் எண்ணினர். மீனைக் கொல்வதாயின் அது திறமையாகலாம். விடுவதாயின் அது கொடுமையே. 2016இல் காவிரியின் நீலத்துடுப்பு மகசீரைக் கொண்டு செய்த ஆய்விலும், போராட்டம் நீள நீள மீனின் தளர்ச்சி மிகுந்தமை காணப்பட்டது. ஆனால் பெரும்பாலானவை பிழைத்தன என்பது மகிழ்தற்குரியது. ஆகவே மீனின் வலிமைக்கேற்ற தடித்த நரம்பும் உறுதியான கோலும் கொண்டு விரைவிற் கரைசேர்த்தல் வேண்டும். மும்முள் கோத்த தூண்டில் வாயை மூன்றிடத்திற் கிழிக்கும். ஒற்றை முள்ளே போதும். முள்ளின் முனைக்குப் பின்னால் எதிர்நோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால், பின்னர் முள்ளைக் கழற்றுதல் கண்ணிமைக்கும் நேரத்து வேலையாகும். நரம்பைத் தளரவிடாதவனுக்கு எதிர்முள் இல்லாமையால் மீன் தப்புவது அரிது. இரையின் செய்தியும் கருதத்தக்கது. மகசீரின் வாயிற் பற்களில்லை; பற்கள் தொண்டையில் உள. இரையை அங்கே கொண்டுசென்றே நொறுக்கும். கோலை ஊன்றிவிட்டு உறங்குபவனுடைய முள் உதட்டில் தைக்காது, தொண்டையிலே தைக்கும்.

மீன் கரையை அணுகியபின் அதனைத் தரைக்கு இழுத்தல் கூடாது. சுடுமணலும் பாறையும் அதற்கு அடுப்பிலிட்ட கல் ஒக்கும். முடிச்சில்லாத, ரப்பர் பூசிய கைவலை நன்று. முடிச்சுள்ள கயிற்றுவலை செதிளைப் பெயர்த்துத் துடுப்பைக் கிழிக்கும். பெருமீனாயின் வலையும் வேண்டா. முழங்காலளவு நீரில் தானே இறங்கி நின்று, ஒரு கையால் வாலடியையும் மறுகையால் மார்பின்கீழும் தாங்குதலே மேல். வழுக்குப்பாறையும் சுழலும் உள்ள காவிரியில் இதனைத் தனியனாய்ச் செய்யத் துணிதல் அறிவுடைமையன்று.

தொடுமுன் கையை நனைத்தல் வேண்டும் என்பதைப் பலர் ஒரு சடங்குபோலச் செய்கின்றனர், காரணம் அறியார். மீனின்மேலுள்ள வழும்பு வீணான அழுக்கன்று. அதுவே அதன் கவசம். நீரிலுள்ள நுண்கிருமிகளும் பூஞ்சையும் உடலிற் பற்றாமல் தடுப்பது அது. அன்றியும் நன்னீர் மீனின் இரத்தம் சூழ்ந்துள்ள நீரினும் உப்பு மிகுந்தது. ஆதலின் நீர் இடைவிடாது உட்புக முயல்கின்றது. தோலுங் கவசமும் குலைந்தவிடத்து அம்முயற்சி வெற்றிபெற்று உடலின் சமநிலை கெடுகின்றது. உலர்ந்த கையும், துண்டுத்துணியும், கையுறையும் வழும்பைத் துடைத்தெடுத்துவிடும். அன்று விடுபட்டு மகிழ்வோடு நீந்திய மீன் சின்னாட்களிற் பூஞ்சை பற்றி மாள்வது இதனாலேயே. பிடித்தவன் அதனை அறியான். பெண்களின் விழிக்கு மீனை உவமை கூறி நம் புலவர் சலிப்பதில்லை. அவ்விழிக்கு மூட இமையில்லை என்பதைத் தூண்டிற்காரன் நினைவிற் கொள்ளல் வேண்டும். வெயிலை நோக்கி அதனைத் திருப்பிப் பிடித்தல் ஆகாது. செவுளுக்குள் விரலை நுழைத்துத் தூக்குதலோ பெரும்பாதகம். இரத்தம் நிறைந்த அவ்விதழ்கள் கீறப்பட்டால் கட்டுவதற்கு வழியில்லை.

முள்ளைக் கழற்றுங்கால் மீனின் வாய் நீருள்ளேயே இருத்தல் நலம். நீண்ட மூக்குடைய குறடு கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். மீனைப் பிடித்த பின்னர்ப் பையிற் குறட்டைத் தேடுவோரே மிகுதி. முள் தைத்த வழியே பின்னோக்கி இழுத்தாற் கழன்றுவிடும். தொண்டைக்குள் ஆழ விழுங்கப்பட்டதாயின், அதனைத் தோண்டியெடுக்க முயலாது, நரம்பை வாயருகே அறுத்துவிட்டு மீனை விடுதல் வேண்டும். இது மனங் கொள்ளாததுபோல் தோன்றும். எனினும் தோண்டப்பட்ட மீனினும் முள்ளோடு விடப்பட்ட மீனே மிகுதியும் பிழைக்கின்றதென ஆய்வுகள் பல காட்டியுள்ளன. இதன்பொருட்டே துருப்பிடியாத எஃகு முள்ளை விலக்கிச் சாதாரண முள்ளைக் கொள்வர்.

படமெடுக்கும் ஆசை இக்காலத்தார் யாவர்க்கும் உண்டு, கடியவேண்டுவதில்லை. படமெடுப்போன் முதலிற் கருவியோடு ஆயத்தமாய் நிற்க, மீன் நீரிலிருக்க, எண்ணிச் சொன்னபின் ஒருகணம் நீர்மட்டத்திற்குச் சற்றே மேல் உயர்த்தி, நீர் சொட்டும்பொழுதே தாழ்த்திவிடுதல் முறை. பத்து விநாடிக்கு மேற்படலாகாது. மீனைத் தூக்குபவன் தன் மூச்சையும் அடக்கிக்கொள்க. தனக்கு மூச்சு வேண்டும்போது மீனுக்கும் வேண்டும். தாடையிற் கொளுவித் தராசிலே தொங்கவிடுதல் பெருமீனுக்கு ஆகாது. நீரால் எப்பொழுதும் தாங்கப்பெற்ற உடல் அது. தன் பாரத்தைத் தானே சுமக்க அதன் முதுகெலும்பும் குடலும் அமையவில்லை. நிறையறிய வேண்டின் நீரிலிருக்கையிலே நூலால் நீளத்தையும் சுற்றளவையும் அளந்துகொள்ளலாம். சுற்றளவைச் சுற்றளவாற் பெருக்கி, நீளத்தாற் பெருக்கி, 800ஆல் வகுப்பது தூண்டிற்காரரிடை வழங்கும் கணக்கு. அங்குலத்தில் அளந்தால் இராத்தல் வரும். 48 அங்குல நீளமும் 30 அங்குலச் சுற்றளவும் உள்ள மீன் 54 இராத்தல் என்க. சிறிது முன்பின் இருக்கும், இருந்தாற் கெட்டதென்ன?

இவ்வளவு பரிவு காட்டுவோர் முதலிலேயே பிடியாமலிருத்தலன்றோ ஜீவகாருண்யம் என்னும் ஆட்சேபம் வலியுடையது. சுவிட்சர்லாந்து தேசத்தார் 2008இல் இயற்றிய விலங்குக் காப்பு விதிகளில், மீண்டும் விடும் நோக்கத்தோடு மீன் பிடித்தலையே தடுத்துவிட்டனர். உண்ணுதற்கன்றி ஓருயிரை வருத்துதல் தகாதென்பது அவர் துணிபு. உண்பதற்குப் பிடிக்கும் மீனவனைவிடப் பிடித்து விடுபவன் உயர்ந்தோன் என்று சொல்ல யானும் உடன்படேன். சுவிசேஷங்களில் தூண்டில் ஓரிடத்திலேயே பேசப்படுகிறது. அங்கே பேதுரு வரிப்பணத்திற்காகவே அதனைக் கடலிற் போடுகிறான், களிப்பிற்காக அன்று. ஆயினும் விடவேண்டிய மீன் எப்பொழுதும் உண்டு. அளவிற் சிறியது, சினையுற்றது, சட்டத்தால் தடுக்கப்பட்டது, அருகிவரும் இனத்தது ஆகியன உண்பதற்கே தூண்டிலிடுவோன் கையிலும் வந்து சேரும். பறவைக்கூட்டைக் கண்டவன் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளினும் தாயைப் போகவிடவேண்டுமென உபாகமம் 22ஆம் அதிகாரம் விதிக்கின்றது. எடுப்பதற்கு உரிமை தந்த அதே விதி, விடுவதையும் கட்டளையாக்கிற்று. இறகொடிந்த தாயைப் போகவிடுதல் அக்கட்டளையை நிறைவேற்றுதல் ஆகாது என்பது சொல்லாமலே அமையும்.

இனி, விடும் கணம். மீனை நீருக்குள் எறிதல் ஒருபோதும் ஆகாது. ஓட்டம் மெல்லியதாயுள்ள இடத்தில், அதன் முகம் நீர்வரவை நோக்கியிருக்குமாறு, இரு கைகளாலும் தளர்வாகத் தாங்கி நிற்றல் வேண்டும். முன்னும் பின்னும் அசைத்தால் மூச்சுத் திரும்பும் என்று சொல்லிப் பலர் அதனைத் தொட்டில்போல் ஆட்டுகின்றனர். நீர் வாய்வழிப் புகுந்து செவுள்வழிச் செல்லுதலே அதன் மூச்சு. பின்னோக்கி இழுக்குந்தோறும் அவ்வோட்டம் தடைப்படுகின்றது. ஆறே அவ்வேலையைச் செய்யும். நாம் சும்மா இருத்தலே உதவி. தேங்கிய நீராயின் முன்னோக்கி மெல்ல நடத்திச் சென்று, வளைந்து திரும்பி மீண்டும் முன்னோக்கி நடத்துக.

மீன் தெளிந்ததா என்று அறியச் சில குறிகள் உள. செவுள்மூடி ஒழுங்காக, விட்டுவிட்டன்றி, திறந்து மூடும். உடலை மெல்லப் பக்கவாட்டிற் சாய்த்தால், விழி உடலோடு சாயாமல் மட்டத்திலேயே நிற்க முயலும். அது நின்றுபோன மீனின் விழி, வரைந்த விழிபோல் உடலோடு திரும்பும். வயிறு மேலாகப் புரட்டினால் நலமுள்ள மீன் உடனே நிமிரும். வாலைப் பற்றினால் உதறிப் பாயும். இவற்றுள் ஒன்றும் இல்லாத மீனைக் கைவிட்டால், அது சரிந்து கீழ்நோக்கிச் சென்று பாறையிடுக்கிற் கிடக்கும். மேலிருந்து பார்ப்போர்க்கு அது நீந்திச் சென்றதுபோலவே தோன்றும். எனவே கையைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, அது தானே உந்திப் போகுமட்டும் காத்திருத்தல் வேண்டும். சிறிய மீனுக்கு அரை நிமிஷம் போதும். நெடும்போர் புரிந்த பெருமகசீருக்குப் பல நிமிஷம் ஆகலாம். போனபின்னும் சற்றுநேரம் கீழ்நீரை நோக்கி நிற்க. வெள்வயிறு தெரிய அது மேலெழுந்தால், ஓடிச்சென்று எடுத்து மீண்டும் நீர்வரவை நோக்கிப் பிடிக்க இன்னும் நேரம் உண்டு.